தென் அமெரிக்க விமானங்களின் பிசினஸ் வகுப்பு: எதில் நிம்மதியாகத் தூங்கலாம்?

கேள்வி இதுதான்: ஐரோப்பாவிலிருந்து தென் அமெரிக்காவுக்குப் போகும்போது தனியாகவும், திரும்பும்போது மனைவியுடனும் பயணம் செய்யப்போகும் ஒருவர், லாத்தாம், அவியாங்கா, அசுல், ஏரோலினியாஸ் அர்ஜென்டினாஸ் ஆகிய நான்கு நிறுவனங்களில் எதன் பிசினஸ் வகுப்பு சிறந்தது என்று கேட்கிறார். சாப்பாடும் உபசரிப்பும் அவருக்கு இரண்டாம்பட்சம். கொடுக்கிற பணத்துக்குத் தூங்க முடியுமா என்பதுதான் அவர் அறிய விரும்புவது.

சரியான இடத்தில் கையை வைத்திருக்கிறீர்கள். இந்தத் தடங்களில் தூக்கம்தான் உண்மையான சரக்கு. மாட்ரிட்டிலிருந்து சாண்டியாகோ ஏறக்குறைய 10,700 கிலோமீட்டர். பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். புவெனஸ் ஐரிஸ் 10,000 கிலோமீட்டரைத் தாண்டும். பெரும்பாலான விமானங்கள் இரவில் கிளம்பிக் காலையில் இறங்குகின்றன. பயணம் வடக்கு தெற்காகவே அதிகம் நகர்வதால் நேர வித்தியாசம் நான்கு முதல் ஏழு மணிக்குள் அடங்கிவிடும். விமானத்தில் நன்றாகத் தூங்கியவர் இறங்கிய அன்றே வேலையைப் பார்க்கலாம். தூங்காதவருக்கு அந்த நாள் முழுவதும் வீண்.

ஆனால் "எந்த நிறுவனம்" என்று கேட்டால் விடை கிடைக்காது. எந்த விமானம், அதில் எந்த இருக்கை என்று கேட்க வேண்டும். ஒரே லாத்தாம், ஒரே கட்டணம், ஒரே வகுப்புப் பெயர். ஆனால் ஒரு நாள் வரும் விமானத்தில் ஒவ்வொருவருக்கும் தனி வழி இருக்கும், மறுநாள் வரும் விமானத்தில் பக்கத்தில் தூங்குபவரின் காலைத் தாண்டித்தான் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும். இந்த வேறுபாடு ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் தெளிவாகிவிடும்.

2012இல் சிலியின் லான் நிறுவனமும் பிரேசிலின் டாம் நிறுவனமும் இணைந்து லாத்தாம் குழுமமாயின. இரு வீட்டுச் சாமான்களும் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தன. லான் வைத்திருந்தவை போயிங் 767, 787 விமானங்கள். டாமிடம் போயிங் 777-300ஈஆர் இருந்தது. ஏர்பஸ் ஏ350 வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரே தரத்துக்குக் கொண்டுவரும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே 2020இல் பெருந்தொற்று வந்தது. அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு அரசுகள் பணம் கொடுத்துத் தாங்கின. தென் அமெரிக்காவில் அப்படிப்பட்ட உதவி வரவில்லை. அந்த ஆண்டு மே மாதத்தில் அவியாங்காவும் லாத்தாமும் அடுத்தடுத்து நியூயார்க்கில் திவால் பாதுகாப்பு கோரின. லாத்தாம் தன் ஏ350களை 2021இல் மொத்தமாக விட்டுவிட்டது. 2022 நவம்பரில்தான் அந்த நடைமுறையிலிருந்து வெளியே வந்தது. அவியாங்கா 2021 டிசம்பரில் வெளியே வந்தபோது ஏ330கள் போய், நீண்ட தூரத்துக்கு 787-8 மட்டுமே மிஞ்சியது. அப்போது தாக்குப்பிடித்த அசுல், 2025 மே மாதத்தில் அதே நீதிமன்ற வழிக்குப் போனது. இன்று நீங்கள் உட்காரப்போகும் இருக்கை, இந்தக் கடன் கணக்குகளுக்கு நடுவே எது தப்பிப் பிழைத்ததோ அதுதான்.

லாத்தாமிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் கவனம் அதிகம் தேவை.

அதன் 777-300ஈஆரில் பிசினஸ் வகுப்பு இருக்கைகள் 38. வரிசைக்கு 1-2-1 என்ற அமைப்பு: ஜன்னலோரம் ஒன்று, நடுவில் இரண்டு, மறுஜன்னலில் ஒன்று. யாருக்கும் யாரையும் தாண்டவேண்டிய தேவை இல்லை. தாம்சன் நிறுவனத்தின் வான்டேஜ் எக்ஸ்எல் வகை இருக்கை இது. முன்வரிசையின் பக்கமேசைக்கு அடியில் உங்கள் கால் போகும்படி இருக்கைகளை ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி வைத்திருப்பார்கள். அதனால் ஜன்னலோர இருக்கைகள் எல்லாம் ஒரேமாதிரி இருப்பதில்லை. ஒரு வரிசையில் இருக்கை ஜன்னலை ஒட்டியும் மேசை நடைவழிப் பக்கமும் இருக்கும். அடுத்த வரிசையில் மேசை ஜன்னல் பக்கம் போய், உங்கள் தோள் நடைவழியை ஒட்டிக்கொள்ளும். விளக்கணைத்த பிறகு உணவு வண்டி போகும்போது இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். ஜன்னலை ஒட்டிய இருக்கையையே எடுங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள இருக்கை வரைபடத்தில் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் எந்த வரிசை எப்படி என்பது புலப்படும். கால் நீளமானவர்கள் பகுதியின் முதல் வரிசையைப் பிடிப்பது நல்லது. முன்னால் இன்னொரு இருக்கை இல்லாததால் பாதம் வைக்கும் குழி அங்கே பெரியதாக இருக்கும். இந்த விமானங்கள் பிரேசில் பக்கத்து லாத்தாமுடையவை. சாவ் பாலோவின் குவாருலோஸ் நிலையத்திலிருந்து பறக்கின்றன.

787 கதை வேறு. லாத்தாமின் பழைய 787-8, 787-9களில் 30 பிசினஸ் இருக்கைகள், ஐந்து வரிசை, 2-2-2 அமைப்பு. படுக்கை முழுத் தட்டையாகவே விரிகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் எங்கே என்றால், இரவு இரண்டு மணிக்கு ஜன்னலோரத்தில் விழித்துக்கொண்டவர் வெளியே வருவதில். பக்கத்து இருக்கை படுக்கையாக விரிந்து கிடக்கும். அதன் கால்மாட்டுக்கும் முன்னிருக்கையின் முதுகுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. ஒரு கையால் முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு, தெரியாத ஒருவரின் முழங்காலுக்கு மேல் காலைத் தூக்கிப் போட வேண்டும். விமானம் குலுங்கினால் அதுவும் முடியாது. நடைவழியில் படுத்திருப்பவருக்கும் நிம்மதி இல்லை. எந்த நேரம் யார் தாண்டுவார் என்ற நினைப்பிலேயே படுத்திருப்பார்.

இந்த விமானம்தான் கிடைக்கிறது என்றால் தனியாகப் போகிறவர் நடு ஜோடியில் ஒரு இருக்கையை எடுக்க வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. நடுவில் இருக்கும் இருவருக்கும் ஆளுக்கொரு நடைவழி உண்டு. நீங்கள் யாரையும் தாண்ட வேண்டாம், உங்களையும் யாரும் தாண்டமாட்டார்கள். ஜன்னல் போகிறதே என்று வருந்தாதீர்கள். அட்லாண்டிக்கின் மேல் இரவில் பார்க்க எதுவும் இல்லை. திரும்பும்போது மனைவியுடன் வருகிறீர்கள் அல்லவா, அப்போது இதே விமானம் வரமாகிவிடும். ஜன்னலோர ஜோடியை எடுத்துக்கொண்டால் இருவரும் ஒதுங்கி, பேசிக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம். தாண்டுவது மனைவியைத்தானே!

பிற்பாடு சேர்ந்த சில 787-9களில் 1-2-1 அமைப்பு வந்துவிட்டது. அதற்கும் மேலாக, 787களில் கதவுடன் கூடிய ரெகாரோ இருக்கைகளைப் பொருத்தப்போவதாக லாத்தாம் 2024இல் அறிவித்தது. இப்படிப்பட்ட மாற்றம் விமானம் விமானமாகத்தான் நடக்கும்; பல மாதங்களுக்குப் பழையதும் புதியதும் கலந்தே பறக்கும். "லாத்தாமில் கதவு வந்துவிட்டது" என்ற செய்தியை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். உங்கள் தேதிக்கான வரைபடத்தில் வரிசைக்கு நான்கு இருக்கை தெரிகிறதா, ஆறா என்று எண்ணிப் பாருங்கள். நான்கு என்றால் எடுக்கலாம்.

லாத்தாமின் 767ஐப் பற்றி ஒரு வார்த்தை. அது பழைய வடிவமைப்பு. உட்புற அகலம் 787ஐவிட முக்கால் மீட்டருக்கு மேல் குறைவு. தோள் அகலமானவருக்கு அந்தக் குறை இரவு முழுக்கத் தெரியும். வேறு நேரத்தில் வேறு விமானம் இருந்தால் அதற்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு நல்ல ஒப்பீடு இருக்கிறது. சிட்னிக்கும் சாண்டியாகோவுக்கும் இடையே லாத்தாமும் குவாண்டாஸும் ஒரே வகை 787-9ஐப் பறக்கவிடுகின்றன. குவாண்டாஸ் விமானத்தில் மொத்தம் 236 இருக்கைகள். அவற்றில் 42 பிசினஸ், எல்லாமே 1-2-1. லாத்தாமின் பழைய அமைப்பில் மொத்தம் 300க்கு மேல். பிசினஸ் 30 மட்டும். உடல் ஒன்றுதான், அதை எப்படிப் பிரித்து விற்பது என்பதில்தான் இரு நிறுவனங்களும் பிரிகின்றன. மிக நீண்ட தடங்களுக்கென்றே குவாண்டாஸ் தன் விமானத்தை வடிவமைத்தது. லாத்தாமோ அதே விமானத்தை மாட்ரிட்டுக்கும் மயாமிக்கும் சிட்னிக்கும் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டியிருந்தது.

அவியாங்காவுக்கு வருவோம். இந்த நான்கில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கை எடுக்கலாம் என்றால் அது இங்கேதான். 1919இல் கொலம்பியாவின் பாரங்கியா நகரில் தொடங்கிய இந்த நிறுவனம், இன்று ஐரோப்பாவுக்கு 787-8ஐ வைத்துப் பறக்கிறது. 28 பிசினஸ் இருக்கைகள், ஏழு வரிசை, எல்லாம் 1-2-1. ஜன்னலோர இருக்கைகள் ஜன்னலை நோக்கிச் சாய்வாகத் திரும்பியிருக்கும். தலையைத் திருப்பாமலே வெளியே பார்க்கலாம், நடைவழியில் போகிறவர் முகம் தெரியாது. எந்த வரிசை நல்லது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை, எல்லா ஜன்னலோர இருக்கையும் ஏறத்தாழ ஒன்றுதான். தனியாகப் போகிறவருக்கு இதைவிட ஏற்ற அமைப்பு இந்தக் கண்டத்தில் இல்லை என்பது என் கருத்து. தம்பதிக்குத்தான் கொஞ்சம் குறை: நடு இருக்கைகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருந்தாலும், பேச வேண்டுமென்றால் முன்னால் குனிய வேண்டும்.

அவியாங்காவின் மையமான போகோட்டாவுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. எல் டொராடோ விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 787இன் உள்ளே காற்றழுத்தத்தை அதிகபட்சம் 1,800 மீட்டர் உயரத்துக்குச் சமமாக வைத்திருப்பார்கள்; பழைய விமானங்களில் அது 2,400 மீட்டர் வரை போகும். ஆக, போகோட்டாவில் கதவு மூடி மேலே ஏற ஏற, விமானத்துக்குள் காற்று நகரத்தில் இருந்ததைவிட அடர்த்தியாகிறது. மலை நகரத்தில் இரண்டு நாள் மூச்சு வாங்க நடந்து, தலைவலியோடு விமானம் ஏறுகிறவர் அதில் சற்று இலேசாக உணர்வார். உலோகத்துக்குப் பதில் கார்பன் இழையால் செய்த உடல் என்பதால் கூடுதல் அழுத்தத்தைத் தாங்குகிறது; துருப்பிடிக்கும் பயம் குறைவு என்பதால் உள்ளே ஈரப்பதத்தையும் கூடுதலாக வைக்க முடிகிறது. விடியும்போது தொண்டை வறண்டு எழுவது குறையும். இருக்கையின் அளவைப் பார்ப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை. தூக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அவியாங்காவின் பலவீனம் வேறிடத்தில். திவால் நடைமுறைக்குப் பின் அது ஏறக்குறைய மலிவுக் கட்டண நிறுவனமாகவே தன்னை மாற்றிக்கொண்டது. உள்ளூர்த் தடங்களில் ஓடும் ஏ320களிலிருந்து பிசினஸ் வகுப்பையே எடுத்துவிட்டு இருக்கைகளை நெருக்கிப் போட்டது. பிறகு முன்வரிசைகளை மட்டும் மீண்டும் அந்தப் பெயரில் விற்கத் தொடங்கியது. ஐரோப்பியத் தடங்களுக்கு 2025இல் இன்சிக்னியா என்ற பெயரில் உணவையும் உபசரிப்பையும் மேம்படுத்தியிருக்கிறது. ஆகவே மாட்ரிட் முதல் போகோட்டா வரை நிம்மதி. அங்கிருந்து லிமாவுக்கோ கீட்டோவுக்கோ தொடர்ந்தால் அந்த இரண்டாம் விமானத்தில் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். லாத்தாமிலும் அப்படித்தான்: ஏ320இன் முன்வரிசைகளில் நடு இருக்கையைக் காலியாக விடுவார்கள், அவ்வளவே.

அசுல் பலருக்குப் புதிய பெயராக இருக்கலாம். அமெரிக்காவின் ஜெட்புளூ விமான நிறுவனத்தைத் தொடங்கிய டேவிட் நீல்மன், தான் பிறந்த பிரேசிலில் 2008இல் தொடங்கியது. அமெரிக்கக் கண்டங்களில் முதன்முதலாக ஏ330 நியோவை 2019இல் வாங்கியது இதுதான். அந்த விமானத்தில் 34 பிசினஸ் இருக்கைகள், 1-2-1. லாத்தாம் 777க்குச் சொன்ன ஜன்னல் இருக்கை யோசனை இங்கேயும் பொருந்தும். ஏ330 உடல் அமைதியானது. நியோவின் புதிய எஞ்சின்கள் சத்தத்தை இன்னும் குறைக்கின்றன. லிஸ்பனிலிருந்து போவதாக இருந்தால் கட்டாயம் விலை பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். அசுலின் மையம் காம்பினாஸ் நகரத்தின் விராகோபோஸ் நிலையம். சாவ் பாலோ நகரத்திலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். டிக்கெட்டில் சாவ் பாலோ என்று போட்டிருப்பதைப் பார்த்து, குவாருலோஸிலிருந்து கிளம்பும் வேறு நிறுவனத்தின் விமானத்தை அதே காலையில் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டால் கணக்கு தப்பும். மற்றொன்று, நீண்ட தூர விமானங்கள் இந்த நிறுவனத்திடம் குறைவு. ஒன்று பழுதானால் வேறு நிறுவனத்தின் விமானத்தைப் பணிக்குழுவோடு வாடகைக்கு எடுத்து ஓட்டும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அப்படி வரும் விமானத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த இருக்கை இருக்காது. நிதி நெருக்கடியில் இருக்கும் நிறுவனத்தில் இந்த வாய்ப்பு அதிகம்.

ஏரோலினியாஸ் அர்ஜென்டினாஸின் நீண்ட தூர விமானங்கள் ஏ330-200. 24 பிசினஸ் இருக்கைகள், நான்கு வரிசை, 2-2-2. ஒரு காலத்தில், 1980இலேயே, புவெனஸ் ஐரிஸிலிருந்து அன்டார்டிகா ஓரமாக நியூசிலாந்துக்கு 747ஐ ஓட்டிய நிறுவனம் இது. அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். இன்று அதன் பிசினஸ் வகுப்பை இருக்கைக்காக யாரும் தேடிப் போக வேண்டியதில்லை. மாட்ரிட்டிலிருந்து புவெனஸ் ஐரிஸின் எசெய்சா நிலையத்துக்கு இடைநிறுத்தம் இல்லாமல் போய், அங்கிருந்து அதே டிக்கெட்டில் பாரிலோச்சேவுக்கோ உசுவாயாவுக்கோ தொடர வேண்டும் என்றால் அதன் உள்நாட்டு வலைப்பின்னல் பயன்படும். அப்போதும் நடு ஜோடி விதியை மறக்காதீர்கள்.

பொலிவியாவின் பொலிவியானா தே அவியாசியோன் சாண்டா குரூஸிலிருந்து மாட்ரிட்டுக்கு ஏ330 ஓட்டுகிறது. பொலிவியாவுக்கே போகிறவர்கள் பார்க்கலாம். ஒப்பீட்டுக்குள் அதை நான் இழுக்கவில்லை. பனாமாவின் கோப்பாவைப் பலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அதன் 737 மேக்ஸ் 9இல் 16 படுக்கை இருக்கைகள் உண்டு. ஒற்றை நடைவழி விமானத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் அது வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் நிறுவனம். உங்கள் பயணத்துக்கு உதவாது.

சாப்பாடு இரண்டாம்பட்சம் என்றீர்கள். சைவம் சாப்பிடுகிறவராக இருந்தால் அப்படிச் சொல்லாதீர்கள். அந்தக் கண்டத்தில் மாட்டிறைச்சிதான் இயல்பான முதல் தேர்வு. சைவம் என்றால் பாஸ்தாவும் பாலாடைக்கட்டியும்தான் பெரும்பாலும். டிக்கெட் எடுத்த உடனே சிறப்பு உணவைப் பதிவு செய்து, இரண்டு நாள் முன்னதாக மீண்டும் உறுதிப்படுத்துங்கள். இன்னொரு நிறுவனத்தின் வழியாக எடுத்த டிக்கெட் என்றால் அந்தப் பதிவு பறக்கும் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நேரடியாகவே கேளுங்கள். ஏறியதும் சாப்பாட்டை முடித்துவிடுவதும் நல்லது. பூமத்தியரேகையை ஒட்டி அட்லாண்டிக்கின் மேல் இடிமேகங்கள் திரளும் பகுதி ஒன்று இருக்கிறது. அதைக் கடக்கும்போது பெல்ட் விளக்கு எரிந்தால் பணிக்குழுவும் உட்கார்ந்துவிடும், பரிமாறுவது நிற்கும். பெல்ட்டைப் போர்வைக்கு மேல் தெரியும்படி போட்டுக்கொண்டு தூங்குங்கள், எழுப்பமாட்டார்கள். மது அருந்துபவர்களுக்கு லாத்தாமின் சிலி, அர்ஜென்டினா ஒயின்கள் இந்த நான்கில் முதலிடம்.

அடிக்கடி பறப்பவர்களுக்கு நிறுவனங்கள் தரும் மைல் புள்ளிகளை வைத்திருந்தால் கணக்கு மாறும். அவியாங்கா, ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருப்பதால் ஏர் இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா மைல்கள் அதில் செல்லும். அதன் சொந்தத் திட்டமான லைஃப்மைல்ஸ், எரிபொருள் கூடுதல் கட்டணம் வாங்குவதில்லை; மைல்களை அவ்வப்போது தள்ளுபடியில் விற்கவும் செய்கிறது. ஏரோலினியாஸ் ஸ்கைடீம் என்ற இன்னொரு கூட்டணியில் இருக்கிறது. லாத்தாம் 2020 மே மாதத்தில் ஒன்வேர்ல்டு கூட்டணியிலிருந்து வெளியேறிவிட்டது. டெல்டாவுடன்தான் இப்போது நெருக்கம். பழைய பயணக் குறிப்புகளில் லாத்தாமை ஒன்வேர்ல்டு என்று எழுதியிருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது: போகும்போது மாட்ரிட்டிலிருந்து போகோட்டாவுக்கு அவியாங்கா, ஜன்னலோரம். அந்தத் தடத்தில் பகல் விமானங்களும் உண்டு. இரவில் கிளம்புவதைத் தேர்ந்தெடுங்கள். சிலியோ பிரேசிலோதான் முதல் ஊர் என்றால் லாத்தாமில் நான்கு இருக்கை வரிசை காட்டும் தேதியைத் தேடுங்கள். ஒரு நாள் முன்பின் மாற்றினாலே பெரும்பாலும் கிடைக்கும். திரும்பும்போது சாவ் பாலோவிலிருந்து லாத்தாம் 777இல், நடுவில் நெருங்கி அமைந்த ஜோடி உள்ள வரிசை. அது இல்லாமல் 2-2-2 உள்ள 787 வந்தாலும், மனைவி உடன் இருப்பதால் கவலையில்லை. அசுல் நியோ இவற்றைவிடத் தெளிவாக மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் இறங்கிய அன்று வேறு எந்த விமானத்தையும் பிடிக்கத் திட்டமிடாதீர்கள்.

டிக்கெட் எடுத்த அன்று ஒருமுறை, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு ஒருமுறை, செக்-இன் திறக்கும்போது ஒருமுறை இருக்கை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். விமானம் மாறியிருந்தால் உங்கள் இருக்கை எண் தானாக எங்கேயோ போயிருக்கும்; அதை முதலில் கவனிக்கிறவருக்குத்தான் நல்ல இடம் மிஞ்சியிருக்கும். எண்ணிக்கை நான்கிலிருந்து ஆறாகிவிட்டதைக் கண்டால் உடனே தொலைபேசியில் அழைத்து வேறு தேதி கேளுங்கள். நிறுவனமே விமானத்தை மாற்றியிருக்கும்போது, கட்டணமில்லாமல் மாற்றித்தரச் சொல்லிக் கேட்க அதுவே சரியான தருணம்.